பாதாளக் கரண்டி

எங்கள் தெருவில் பாதாளக் கரண்டி ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து தொங்கும் பத்துப் பன்னிரண்டு கொக்கிகள். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டால், தவறி விழுந்த வாளியையோ குடத்தையோ மாட்டி இழுத்து வரும். இரவல் கேட்டுப் போகிறவர்கள் ஒரு செம்பையாவது ஈடு வைத்துவிட்டுத்தான் எடுத்துவர வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. கோடையில் எட்டிப் பார்த்தால் வெகு கீழே ஒரு சின்ன வெள்ளித் தட்டு போலத் தண்ணீர் தெரியும். கரண்டி விடுகிறவர் அதைக்கூடப் பார்ப்பதில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கயிற்றை இரண்டு விரலால் பிடித்து மெள்ள மெள்ளச் சுண்டுவார். "தட்டுது... இது கல்லு... இது சகதி... ஆங், மாட்டிட்டு." எல்லாமே விரலுக்கு வந்து சேரும் சேதி.

அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று ஆச்சியிடம் கேட்டேன். "கெணத்துக்குக் கீழ பாதாளம்லா இருக்கு. வேற என்ன பேரு வைப்பாவ?" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சித்திரை, வைகாசியில் கரிசல் வாய்பிளந்து கிடக்கும்போது வெடிப்புக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்பேன். இரண்டு மூன்று முறை மோதும் சத்தம் வரும். அப்புறம் ஒன்றும் வராது. நாகலோகத்தில் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கணக்கு. கரிசலில் உள்ள களி ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அதனால் விழும் வெடிப்பு ஒரு மீட்டர் ஆழம் போனாலே பெரிது என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. கோலிக்குண்டுகள் என்னவோ திரும்பி வரவில்லை.

பூமி உள்ளே பொக்கு, அதாவது பருப்பில்லாத கடலை போல வெறும் தொலி, என்று வாதாடும் படப் புத்தகம் ஒன்றை யாராவது தமிழில் எழுதுவதென்றால், அதற்குக் கோவில்பட்டியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. கேலிக்குச் சொல்லவில்லை. யாரும் காணாததை வரைந்து, கண்டதுபோல நம்ப வைக்கிற கலை இங்கே தொழிலாகவே நடந்தது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவராக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர் சி. கொண்டையா ராஜு (1898–1976). அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி நாடெங்கும் சுவரேறின. லட்சுமியை நாம் நினைத்துக்கொள்ளும்போது மனத்தில் வரும் முகம் பெரும்பாலும் காலண்டர் முகம்தான். அந்தக் கைகளிடம் பாதாளத்தை ஒப்படைத்திருந்தால், இன்று நமக்குப் பாதாளத்தின் நிறம்கூடத் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் அப்படி ஒருவர் உண்மையிலேயே எழுதினார். இல்லினாய் மாநிலத்தின் அரோரா என்ற ஊரில் பெண்களுக்கான இடைக்கச்சு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த மார்ஷல் கார்ட்னர், 1913-இல் பூமியின் உட்புறத்துக்கு ஒரு பயணம் என்ற பொருள்படும் தலைப்பில் சொந்தச் செலவில் ஒரு நூல் வெளியிட்டார். 1920-இல் அதைப் பெரிதாக்கி மறுபடி அச்சிட்டார். அவர் சொன்ன பூமிக்கு 800 மைல் கனத்தில் ஒரு தோடு. வடதுருவத்திலும் தென்துருவத்திலும் 1,400 மைல் அகலத்தில் ஒவ்வொரு வாசல். நடுவில் 600 மைல் குறுக்களவுள்ள ஒரு குட்டிச் சூரியன். வாசல் வழியே கசியும் அதன் வெளிச்சம்தான் துருவ ஒளி. சைபீரியப் பனியில் புதைந்து கிடைக்கும் மாமத யானைகள் உள்ளேயிருந்து வந்தவை. பாதி வெட்டிய பூவுருண்டை ஒன்றைச் செய்து, அதற்கு 1914-இல் காப்புரிமையும் வாங்கினார்.

கார்ட்னரின் வாக்கியங்கள் யாரையும் மயக்குபவை அல்ல. மயக்குவது அந்த வெட்டுப் படம். முட்டையை வேகவைத்துக் குறுக்கே அரிந்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு பூமி. அம்புக்குறி, அளவு, பெயர் எல்லாம் போட்டு. வெட்டுப் படத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பார்க்கிறவர், வரைந்தவர் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தார் என்று தன்னையறியாமல் நம்பிவிடுகிறார். நம் பள்ளிப் பாடநூலில் மேலோடு, கவசம், கருவம் என்று வண்ணம் பூசிய படம் இருக்கிறதே, அதுவும் யாரும் வெட்டிப் பார்த்து வரைந்தது இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விஷயம் தெரியாத ஒருவருக்கு எதை நம்புவது என்பதற்குப் படத்தில் எந்தத் தடயமும் கிடையாது. கார்ட்னரை மூடர் என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

எனவே ஒரு மழைக்காலத்தில் நானே அந்தப் புத்தகத்தை எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். எதிர்வாதியை அவன் பலமாக இருக்கும் இடத்தில்தான் சந்திக்க வேண்டும் என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொல்வார். பொக்குப் பூமிக்கு நான்தான் வக்கீல்.

முதல் அத்தியாயத்துக்குப் பஞ்சமில்லை. அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், ரசாதலம், பாதாளம் என்று ஏழு தளம் நம்மிடம் தயாராக இருக்கிறது. மயில்ராவணன் கதையில் அவன் இராமனையும் இலக்குவனையும் பாதாளத்துக்குத் தூக்கிப் போக, அனுமன் தேடிப் போகிறான். தோல்பாவைக் கூத்தில் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் விளக்கை ஆட்டுகிற வித்தை மறக்காது. வெள்ளைக்காரர்களும் இந்தப் பக்கம் கை நீட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜாக்கோலியோ, அஸ்கார்த்தா என்ற மர்ம நகரத்தைப் பற்றி 1873-இல் எழுதினார். 1886-இல் சேன்ட் ஈவ் தல்வேத்ரே அதைப் பூமிக்கடியில் கொண்டுபோய் வைத்தார். பிற்காலத்துப் பொக்குப் பூமி நூல்களில் எல்லாம் அகார்த்தா என்று வருவது இதன் கொடிதான். நம் ஊர்ச் சரக்கு கப்பலேறிப் போய், வேறு பெயரில் திரும்பி வந்து, 'இந்திய ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள்' என்று நமக்கே விற்கப்படுகிறது. வக்கீலாக இருந்தாலும் இதைச் சாட்சியாக வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாம் அத்தியாயத்துக்கு ஒரு புகைப்படம். 1968 நவம்பர் 23-இல் எஸ்ஸா-7 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் எடுத்தது. வடதுருவத்தின் நடுவில் கம்பாசை வைத்துச் சுற்றியது போல ஒரு கரிய வட்டம்! 1970-இல் ரே பால்மர் தன் பத்திரிகையில் இதைப் போட்டு, வாசல் தெரிகிறது பாருங்கள் என்றார். பார்த்த மாத்திரத்தில் எனக்கே சிலிர்த்தது. பிறகு தேதியைப் பார்த்தேன். நவம்பர் கடைசியில் வடதுருவத்துக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. ஒரு நாள் முழுக்கப் பகல் வெளிச்சத்தில் எடுத்த துண்டுப் படங்களை ஒட்டிச் செய்த படம் அது. வெளிச்சமே விழாத இடம் வட்டமாகக் கறுத்துக் கிடக்கிறது. அந்த வாசலுக்கு மேலாக அமுண்ட்சென் குழுவினர் நார்கே என்ற வான்கப்பலில் 1926 மே மாதமே பறந்து போய்விட்டார்கள். கீழே இருந்தது பனிக்கட்டி.

வழக்கு தோற்கப் போகிறது என்று நினைத்த நேரத்தில்தான் இரண்டு நல்ல சாட்சிகள் கிடைத்தார்கள். இரண்டு பேரும் நம் பக்கத்துக்காரர்கள்.

கோவில்பட்டி ஏறத்தாழ 78 பாகைத் தீர்க்கரேகையின் மேல் இருக்கிறது. 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய நில அளவைப் பணியின் முதுகெலும்பு இந்த ரேகைதான். கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போனார்கள். லாம்ப்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை முடித்தார். முடித்தபோது ஒரு சிக்கல். வடக்கே கலியானா என்ற இடத்துக்கும் மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் உள்ள தூரத்தை நிலத்தில் அளந்து கண்டது ஒரு கணக்கு. நட்சத்திரம் பார்த்துக் கண்டது இன்னொன்று. இரண்டுக்கும் 5 விகலைக்குச் சற்று மேல் வித்தியாசம். விகலை என்றால் ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. நட்சத்திரம் பார்ப்பதற்குத் தூக்குக்குண்டு வேண்டும். பக்கத்தில் இமயமலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் இழுக்கும். சரி, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கல்கத்தாவின் பாதிரியார் ஜான் பிராட் 1855-இல் கணக்குப் போட்டார். விடை கிட்டத்தட்ட 16 விகலை. உண்மையில் இழுத்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு.

இமயமலை இருக்க வேண்டிய கனத்தில் இல்லை! என் வக்கீல் மூளைக்கு இது போதும்: மலை உள்ளே கூடு.

இரண்டாவது சாட்சி இன்னும் அருகில். கன்னியாகுமரிக்குத் தெற்கே, இலங்கையை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில், பூமியின் ஈர்ப்பு ஒரு பெரிய வட்டாரம் முழுக்கக் கொஞ்சம் சோர்ந்து கிடக்கிறது. உலகில் இவ்வளவு பெரிய சோர்வு வேறெங்கும் இல்லை. ஈர்ப்பு குறைந்த இடத்திலிருந்து தண்ணீர் பக்கத்துக்கு விலகிப் போய்விடுவதால், அங்கே கடல்மட்டம், பூமியை வழுவழுப்பான நீள்வட்ட உருண்டையாக வைத்துப் போடும் கணக்கை விட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்குத் தெரியாது. பள்ளம் அவ்வளவு அகலம். அதன் சரிவில்தான் நம் மாவட்டமும் இருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று, திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால் 90 மீட்டருக்கும் மேல் கழித்தலில் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்த பொறியாளர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இந்தச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ததும் கட்சி மாறிவிட்டார்கள். பிராட்டின் கட்டுரைக்குப் பதிலாக அதே 1855-இல் ஜார்ஜ் ஏரி சொன்னது இது: மலை கூடு இல்லை, மலைக்குக் கீழே அதைவிடப் பெரிய வேர் இருக்கிறது. அந்த வேர், சுற்றியுள்ள அடர்ந்த பாறையைத் தள்ளிவிட்டு நிற்கும் லேசான பாறை. கண்மாயில் மிதக்கும் மரக்கட்டை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கேற்பக் கீழேயும் இறங்கியிருக்கிறது அல்லவா, அதேபோல. மேலே மலை கூட்டிய எடையைக் கீழே வேர் குறைத்துவிடுகிறது. கடல்பள்ளத்துக்கும் பதில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, வடக்கு இந்தியப் பெருங்கடலுக்குக் கீழே சுமார் 300 கிலோமீட்டரிலிருந்து 900 கிலோமீட்டர் வரை கிடக்கும் சூடான, சற்றே லேசான பாறைதான் காரணம் என்கிறது. சூடாக இருப்பதால் லேசு, அவ்வளவுதான். கயிற்றின் நுனியில் தட்டியது வெற்றிடம் இல்லை. வேறு வகைப் பாறை.

அப்புறம் எடைக்கு வந்தேன். அங்கேதான் புத்தகம் உடைந்தது.

கரிசலைத் தோண்டினால் சில அடியில் சுக்கான் வரும். அதற்குக் கீழே நைஸ், சார்னோக்கைட் முதலான பழம்பாறை. கரிசல் என்றதும் தக்காணத்து எரிமலைப் பாறை என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே அது கிடையாது. இந்தப் பாறை தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்தவர்கள் அள்ளிக் கொட்டிய சில்லும் ஏறத்தாழ அதே கனம்தான். மொத்தப் பூமியின் கனம் எவ்வளவு? 1798-இல் லண்டனில் ஹென்றி கேவென்டிஷ், 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள் பக்கத்தில் தொங்கும் சிறு குண்டுகளை எவ்வளவு இழுக்கின்றன என்று ஒரு கம்பியின் முறுக்கை வைத்து அளந்தார். காற்று அசையக்கூடாது என்று அறையை மூடி, சுவரில் ஓட்டை போட்டு, வெளியே நின்று தொலைநோக்கி வழியே பார்த்தார். இதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சுண்டுகிற வேலைதான். விடை: பூமி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு கனம். இன்றைய எண் 5.51.

மேலே 2.7, மொத்தமாகப் பார்த்தால் 5.51. அப்படியானால் உள்ளே இருப்பது இன்னும் கனமாக அல்லவா இருக்க வேண்டும்? கார்ட்னரோ உள்ளே ஒன்றும் இல்லை என்கிறார். சரி, அவருடைய தோட்டுக்கே முழு எடையையும் கொடுத்துப் பார்ப்போம் என்று காகிதத்தில் போட்டேன். 800 மைல் என்றால் சுமார் 1,290 கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,371. தோட்டின் கனஅளவு முழு உருண்டையில் பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆகவே அடர்த்தி இரண்டு மடங்குக்குச் சற்று மேலே: 11.2. ஈயத்தின் அடர்த்தி 11.3. அதாவது, நாம் நெல் விதைத்து, பருத்தி எடுத்து, கிணறு வெட்டும் இந்தத் தோடு, சராசரியில், ஈயமாக இருந்தாக வேண்டும். ஆழத்தில் பாறை அமுங்கி அடர்த்தி கூடாதா என்று வக்கீல் கேட்கலாம். கூடும். ஆனால் உண்மைப் பூமியில் அதே 1,290 கிலோமீட்டர் ஆழத்தில்கூட அது ஐந்தைத் தொடுவதில்லை.

அவ்வளவு பெரிய வெற்றிடத்தை எந்தப் பாறையாலும் தாங்கவும் முடியாது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் வரை இறங்கியது. அந்த ஆழத்திலேயே சுரங்கச் சுவர்ப் பாறை அழுத்தம் தாளாமல் படீரென்று வெடித்துச் சிதறும். அப்படி வெடித்துப் போன உயிர்கள் பல. அவற்றில் தமிழ்ப் பெயர்கள் நிறைய. ஆள் நுழையும் சுரங்கத்துக்கே அந்தக் கதி. ரஷ்யர்கள் கோலா தீபகற்பத்தில் 1989-இல் 12,262 மீட்டர் வரை துளை போட்டபோது அடியில் 180 பாகை சூடு. கல் குழைய ஆரம்பித்து, துளைத்த துளை துளையாக நிற்க மறுத்தது. உலகிலேயே ஆழமான அந்தத் துளை, பூமியின் ஆரத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. மாம்பழத்தில் நகம் பட்ட தடம்கூட இல்லை.

உள்ளே குடியிருப்பவர்களைப் பற்றிய அத்தியாயத்தை நான் ஆசையாக வைத்திருந்தேன். படம் போட அதுதான் தோது. நியூட்டன் அதையும் கெடுத்துவிட்டார். ஒரு பொள்ளல் உருண்டைக்குள் எங்கே நின்றாலும் அதன் தோடு உன்னை எந்தப் பக்கமும் இழுக்காது என்று அவர் நிறுவியிருக்கிறார்: பக்கத்துச் சுவரின் இழுப்பை எதிர்ப்பக்கத்துப் பெருஞ்சுவர் அப்படியே சரிக்கட்டிவிடும். ஆக, உட்சுவரில் ஒருவரும் நிற்க முடியாது, மிதக்கலாம். பூமி சுழல்வதால் நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் விசை உண்டு. கணக்குப் பார்த்தால், வெளியே 60 கிலோ இருப்பவர் உள்ளே சுமார் 165 கிராம். ஒரு தும்மல் போதும், சூரியனை நோக்கிக் கிளம்பிவிடுவார். துருவத்துப் பக்கம் அதுவும் கிடையாது. மாமத யானைகள் வாசல் வழியே மிதந்து வந்திருக்க வேண்டும். காலண்டர் ஓவியருக்கு இது நல்ல விஷயம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சாட்சி பஞ்சாங்கம். வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20, 21. பழைய கணக்கில் மேஷம் பிறக்க வேண்டிய நாள் அதுதான். ஆனால் நமக்குச் சித்திரை 1 ஏப்ரல் 14-இல் வருகிறது. இந்த 24 நாள் இடைவெளிதான் ஜோசியர்கள் சொல்லும் அயனாம்சம். பூமி ஒரு பம்பரம். சுழல்கிறபோதே அதன் அச்சு மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு முழுத் தலையாட்டலுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு, ஒரு பாகைக்கு 72 ஆண்டு. சூரியனும் சந்திரனும் பூமியின் பருத்த இடுப்பைப் பிடித்து இழுப்பதால் வருவது இது. எவ்வளவு வேகமாகத் தலையாட்டும் என்பது எடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுவில் கனமான பம்பரம் ஒரு மாதிரி, ஓரத்தில் கனமானது ஒரு மாதிரி. சாட்டை சுற்றிய எந்தப் பையனுக்கும் இது தெரியும். செயற்கைக்கோள்களின் பாதையிலிருந்து இடுப்புப் பருமனின் இழுப்பு துல்லியமாகத் தெரியும். இரண்டையும் சேர்த்தால், எடை எங்கே இருக்கிறது என்று காட்டும் ஓர் எண் கிடைக்கும். பூமிக்கு அது 0.33. ஒரே சீரான கெட்டி உருண்டையானால் 0.40 வரவேண்டும். கார்ட்னரின் தோடானால் 0.55. குறைந்திருக்கிறது என்றால் எடை நடுவில் குவிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கார்ட்னரின் பூமியில், அதே இழுப்புக்கு, ஒரு பாகை நகர 72-க்குப் பதில் 120 ஆண்டு பிடிக்கும். அயனாம்சக் கணக்கின் தொடக்கம் சுமார் கி.பி. 285 என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு அது 24 ஆகியிருக்காது, பதினான்கரைதான். தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 5 வாக்கில் வந்துவிடும். வீட்டில் ஆணியில் தொங்கும் நாட்காட்டியே பொக்குப் பூமிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதுவும் சிவகாசியில் அச்சடித்தது.

கடைசியாகத் தட்டிப் பார்த்தல். சந்தையில் பானை வாங்குகிறவள் விரல் கணுவால் தட்டிக் காதில் வாங்குவாள். கடலைச் செடி பிடுங்குகிறவர் காயைக் குலுக்கிப் பொக்கா பருப்பா என்பார். பூமியைத் தட்ட நம் கை போதாது, நிலநடுக்கம் வேண்டும். 1897 ஜூன் 12-இல் அசாமில் வந்தது மிகப் பெரிய தட்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராய்ந்து, ஐரோப்பாவின் கருவிகளில் பதிவான அதிர்வுகள் மூன்று தவணையாக வந்து சேர்ந்திருப்பதைக் கண்டார்: முதலில் அமுக்கி அமுக்கிப் போகும் அலை, அடுத்துக் குறுக்கே ஆட்டிப் போகும் அலை, பிறகு மேற்பரப்பில் உருண்டு வருவது. முதல் இரண்டும் பூமிக்குள் நேராகப் புகுந்து வந்தவை. இதற்குப் பிறகுதான் இந்தியாவில் நிலநடுக்கமானிகள் வைத்தார்கள்: 1898-இல் கல்கத்தா, அடுத்து பம்பாய், நம் கொடைக்கானல். சூரியனைப் பார்க்க என்று மலையேறிய கொடைக்கானல் வானாய்வகம், ஒரு காதைத் தரையிலும் வைத்திருந்தது.

1906-இல் ஓல்டாம் இன்னொன்றைக் கவனித்தார். பூமியின் எதிர்ப்பக்கத்துக்குப் போகும் அலைகள் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. நடுவில் ஏதோ அவற்றைத் தாமதப்படுத்துகிறது. ஒரு கருவம் இருக்கிறது என்றார். அதன் விளிம்பு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் என்று குட்டன்பெர்க் கண்டார். குறுக்கே ஆட்டும் அலை திரவத்தில் போகாது, கருவத்துக்குள்ளும் போகவில்லை, ஆகவே அது உருகிய நிலையில் இருக்கிறது என்று 1926-இல் ஜெஃப்ரிஸ் சொன்னார். அந்தத் திரவத்துக்கு நடுவே ஒரு கெட்டிக் கொட்டை இருப்பதை 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன், நியூசிலாந்துப் பக்கத்து நிலநடுக்கம் ஒன்றின் மெல்லிய கீறல்களிலிருந்து பிடித்தார். இன்று, நேரே நடுவழியாகப் பாய்ந்து மறுபக்கம் வரும் அலைக்கு 20 நிமிடம். வெற்றிடத்தில் நிலநடுக்க அலை ஓடாது. பொக்காக இருந்தால் அந்த 20 நிமிடச் சேதி வந்தே இருக்காது. 2004 டிசம்பர் 26-இல் நம் கரையை அழித்த சுமத்ரா நிலநடுக்கத்தின்போது பூமி முழுவதுமே ஓங்கித் தட்டிய வெண்கலப் பானை போல, நம் காதுக்கு எட்டாத மந்தர ஸ்தாயியில் அதிர்ந்தது. ஒரு துடிப்புக்கு 54 நிமிடம். அந்தச் சுருதி நிறைகுடத்தின் சுருதி.

புத்தகத்தை இதோடு மூடியிருப்பேன். ஆனால் பூமி பொக்கு என்ற கருத்தை முதலில் அறிவியலாகச் சொன்னவரை விட்டுவிட்டால் அது அநியாயம். அவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தவர், நியூட்டனின் பிரின்சிபியாவைத் தன் காசில் அச்சிட்டவர். அவருக்கு ஒரு நியாயமான புதிர் இருந்தது. லண்டனில் காந்த ஊசி 1580-இல் உண்மை வடக்கிலிருந்து கிழக்கே 11 பாகைக்கு மேல் விலகி நின்றது. 1657-இல் நேர் வடக்கு. 1692-இல் மேற்கே 6 பாகை. கல்லுக்குள் இருக்கும் காந்தம் ஊர்வலம் போகுமா? பூமிக்குள் தனியாகச் சுழலும் இன்னொரு உருண்டை இருந்து, அதற்கும் காந்தத் துருவங்கள் இருந்தால்தான் இது சரிப்படும் என்று 1692-இல் எழுதினார். சுமார் 500 மைல் கனத்தில் மேல்தோடு, இடைவெளி, உள்ளே உருண்டை. சந்திரன் பூமியை விட அடர்த்தி அதிகம், ஒன்பதுக்கு ஐந்து என்று நியூட்டன் போட்டிருந்த கணக்கும் அவருக்குக் கைகொடுத்தது: அப்படியானால் பூமியில் ஒன்பதில் நாலு பங்கு காலி! நியூட்டனின் அந்த எண் தவறு. உண்மையில் சந்திரன்தான் லேசு. ஹாலியின் குற்றம் ஒரு நண்பரின் எண்ணை நம்பியது மட்டுமே. 1736-இல், எண்பதாவது வயதில், அவர் கையில் ஒரு தாளோடு அமர்ந்திருக்கும் ஓவியம் வரையப்பட்டது. தாளில் இருப்பது வால்நட்சத்திரம் அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள்.

அந்தக் காந்த ஊசிப் புதிர் நம் வாசல் வரை வந்திருக்கிறது. கயிலையில் சிவன் திருமணத்துக்கு எல்லோரும் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, சமன் செய்ய அனுப்பப்பட்ட அகத்தியர் வந்தமர்ந்த மலை பொதிகை. அந்த அகத்தியமலை உச்சியில் 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் பிரௌன், காந்த ஊசிகளைக் கவனிக்க ஒரு நிலையம் கட்டினார். மழையும் அட்டையும் குளிரும் போக ஊசி பார்த்தார்கள். காந்த நடுக்கோடு, அதாவது செங்குத்தாக ஆட விட்ட ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் படுத்துக்கொள்ளும் கோடு, இந்த வட்டாரத்தை ஒட்டிப் போவதுதான் காரணம். இன்று அந்த வேலை பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் நடக்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பலாம்.

ஊசி ஏன் நகர்கிறது என்பதற்கு இன்றைய விடை: 2,900 கிலோமீட்டருக்குக் கீழே உருகிய இரும்பு புரண்டுகொண்டிருக்கிறது, காந்தம் அதில்தான் பிறக்கிறது, அது புரள்வதற்கேற்ப மேலே கோடுகள் நகர்கின்றன. அதற்கும் உள்ளே இருக்கும் கெட்டிக் கொட்டை, மேலோட்டோடு ஒட்டாமல் சற்றே வேறு வேகத்தில் சுழல்கிறது என்று சாங், ரிச்சர்ட்ஸ் இருவரும் 1996-இல் நிலநடுக்க அலைகளை வைத்துச் சொன்னார்கள். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதில் இன்றுவரை சண்டை. வெளியே ஒரு கனத்த தோடு, நடுவே நகரும் இடைவெளி, உள்ளே தனியாகச் சுழலும் ஓர் உருண்டை. ஹாலியின் தாளை எடுத்து, இடைவெளி என்று எழுதிய இடத்தில் அடித்துவிட்டு, உருகிய இரும்பு என்று எழுதினால் பாடநூல் படத்துக்கு வெகு கிட்டே வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒருமுறை பித்தளைக் குடத்தைத் தேடி ஒரு பகல் முழுக்கக் கரண்டி விட்டார்கள். குடம் கிடைக்கவில்லை. மாட்டி வந்தது பாசி பிடித்த ஒரு இரும்பு வாளி. யாருடையது என்று யாருக்கும் நினைவில்லை. தெருவே கூடி நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஈடு வைத்த செம்பை மீட்டுக்கொண்டு வரும் வழியில் ஆச்சி சொன்னாள்: "நல்ல கனத்த வாளிலே. அந்தக் காலத்து இரும்பு."